வாதம் வந்தவர் வாடுவது ஏன்?

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது மணப்பாடு.

கரையில் மணல் குன்று. குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவில். கீழே மீன்பிடி படகுகள்.

இந்தக் கரையில் பிறந்தவர்கள் கடலுக்கு அஞ்சமாட்டார்கள். இந்தக் கரையோரத்து முன்னோர்கள் மூச்சை அடக்கி, கடலில் மூழ்கி முத்து எடுத்தார்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. மீன்பிடி தொழில் நிற்கவில்லை.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு வயது 60. நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். ஒரு நாள் விடியற்காலையில் வலையை எடுக்கக் குனிந்தார். வலது கை எழவில்லை. வாய் கோணிற்று. பேச்சு குழறிற்று.

பக்கவாதம்!

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது. இரண்டு மாதத்தில் கோல் ஊன்றி நடந்தார். சொற்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. "கண்டம் தப்பியது" என்று குடும்பத்தார் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அவர் மகிழவில்லை.

பேரன் மடியில் வந்து உட்கார்ந்தாலும் முகம் மலரவில்லை. ஆசையாக மீன் குழம்பு வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். இரவு மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்க வந்தால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

"ஏம்ப்பா இப்படி இருக்கீய? நாங்க என்ன குறை வச்சோம்?" என்று மகள் கேட்கிறாள்.

பதில் இல்லை.

"தைரியமா இருக்கணும் அத்தான்" என்று மைத்துனர் புத்தி சொல்கிறார். "இத்தனை பாடு பட்டுக் காப்பாற்றினோம், ஒரு நல்ல முகம் இல்லையே" என்று மனைவி அடுப்படியில் கண்ணைத் துடைக்கிறாள். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று அடுத்த வீட்டு அம்மாள் காதைக் கடிக்கிறாள்.

எல்லாரும் ஏதோ ஒன்று சொல்கிறார்கள். சொல்லவேண்டியதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இதுவும் ஒரு நோய். வாதத்தோடு வந்த நோய். இதற்கு மருந்து உண்டு.

மூன்று பேரில் ஒருவர்

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பல நாடுகளில் எடுத்த கணக்கு இது. பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது.

மூன்றில் ஒன்று என்றால் சின்னக் கணக்கா? ஒரு தெருவில் வாதம் வந்தவர்கள் ஆறு பேர் இருந்தால், இரண்டு வீட்டில் இந்தத் துயரம் இருக்கும்.

இதனால் வரும் கெடுதல் முகம் வாடுவதோடு போவதில்லை. மனம் சோர்ந்தவர் பயிற்சி செய்யமாட்டார். பயிற்சி இல்லாவிட்டால் கை கால் திரும்பாது. மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் இரண்டாவது வாதம் வர வழி உண்டு. மனச்சோர்வு வந்தவர்கள், வராதவர்களைவிட முன்னதாக இறந்துபோகிறார்கள் என்பதும் ஆராய்ச்சியில் கண்ட உண்மை. சிலர் தாங்களே உயிரை மாய்த்துக்கொள்வதும் உண்டு.

"கை கால் விழுந்தால் யாருக்குத்தான் கவலை வராது? இது நோயா?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. இதே கேள்வியை அமெரிக்க டாக்டர்களும் கேட்டுப் பார்த்தார்கள்.

1977-ம் ஆண்டு மார்ஷல் போல்ஸ்டீன் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். வாதம் வந்த 20 பேரை எடுத்துக்கொண்டார்கள். எலும்பு, மூட்டுக் கோளாறால் நடக்க முடியாமல் கிடந்த 10 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இரு கூட்டத்தாருக்கும் உடம்பில் இயலாமை ஏறக்குறைய ஒரே அளவு.

கவலைதான் காரணம் என்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் அல்லவா?

அப்படி இல்லை. எலும்புக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் ஒருவர்தான் மனம் சோர்ந்திருந்தார். வாதம் வந்தவர்களிலோ ஏறக்குறைய பாதிப் பேர்!

சோதனை சிறியது. முப்பது பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு சந்தேகம் பிறந்துவிட்டது. கால் போன கவலை மட்டும் இல்லை, மூளையில் பட்ட அடியே மனத்தையும் வாட்டுகிறதோ?

எந்த இடத்தில் அடி?

மூளைக்கு இரண்டு பாதிகள். இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது. வலது பாதி இடது பக்கத்தை ஆள்கிறது. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடது பாதியில் இருக்கிறது. ஆகையால்தான் வலது கை விழுந்தவர்களுக்குப் பேச்சும் போகிறது.

பேச்சுக்கு ஓர் இடம் உண்டு என்பதை 1861-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். அவரிடம் ஒரு நோயாளி வந்தார். என்ன கேட்டாலும் "டான்" என்ற ஒரே சொல்தான் வரும்! அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தார்கள். இடது பாதியின் முன் பக்கம் பழுதாகி இருந்தது.

பேச்சுக்கு ஓர் இடம் இருந்தால், சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஓர் இடம் இருக்கவேண்டாமா?

இருக்கிறது என்றார் ராபர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க மனநோய் டாக்டர். 1984-ம் ஆண்டு அவரும் கூட்டாளிகளும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மூளையின் இடது முன் பக்கத்தில் அடி பட்டவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது. அடி நெற்றிக்குக் கிட்டே வர வர, சோர்வும் கடுமை ஆகிறது என்று சொன்னார்கள்.

டாக்டர்கள் உலகத்தில் பெரிய பரபரப்பு! படம் எடுத்துப் பார்த்தே "இவருக்கு மனச்சோர்வு வரும், இவருக்கு வராது" என்று சொல்லிவிடலாமே!

பல நாட்டு டாக்டர்களும் அதைச் சோதித்தார்கள். சிலருக்கு அதே விடை வந்தது. சிலருக்கு நேர்மாறாக வலது பக்கம் வந்தது. மிகப் பலருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

2000-ம் ஆண்டு பிரிட்டனில் ஆலன் கார்சன் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். "அடி விழுந்த இடத்துக்கும் மனச்சோர்வுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை" என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஏன் இந்தக் குழப்பம்?

ஒரு காரணம், பார்த்த காலம். வாதம் வந்து சில வாரங்களில் பார்த்தால் ஒரு விடை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேறு விடை.

இன்னொரு காரணம் இன்னும் முக்கியம். படிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கேள்வி கேட்டு! "மனம் எப்படி இருக்கிறது? வாழ்க்கையில் பிடிப்பு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இடது மூளையில் அடி பட்டு, பேச்சே போனவர் இதற்கு எப்படிப் பதில் சொல்வார்? ஆகவே பல ஆராய்ச்சிகளில், பேச முடியாதவர்களைச் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். மனம் மிகவும் நொந்து கிடந்தவர்கள் கணக்கிலேயே வராமல் போயிருக்கலாம்.

ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்தது வீட்டிலும் நடக்கிறது. பேச்சு இல்லாதவரை யாரும் கேட்பதில்லை.

1984-ம் ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்றபோது தமிழ்நாடே கலங்கிற்று. சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்தது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு போய், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சிகிச்சை செய்தார்கள். 1985-ம் ஆண்டு பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதல்-அமைச்சர் ஆனார். பேச்சு மட்டும் பழையபடி வரவில்லை. வாதம் என்றால் நடை வந்ததா, பேச்சு வந்ததா என்று கேட்பதுதான் தமிழ்நாட்டின் வழக்கம். மனம் வந்ததா என்று கேட்கும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அறுந்த முடிச்சு

இடத்தைப் பற்றிய பேச்சு 2000-ம் ஆண்டோடு முடிந்துவிட்டதா? இல்லை.

மணப்பாட்டு மீனவருக்கு இதை விளக்குவது சுலபம். வலையில் ஒரு முடிச்சு அறுந்தால், அந்த இடம் மட்டுமா தளரும்? இழையோடு இழை சேர்ந்திருப்பதால் தூரத்தில் உள்ள கண்ணியும் தளரும். அறுந்த முடிச்சுகள் பல இடத்தில் இருக்கலாம்; அவை எல்லாம் ஒரே இடத்தைத் தளர்த்தலாம்.

மூளையும் அப்படிப்பட்ட வலைதான். 2019-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூளையில் பழுது உள்ள நானூறுக்கும் மேற்பட்டவர்களின் படங்களை வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அடி பட்ட இடம் ஒன்றாக இல்லை. ஆனால் அந்த இடங்கள் ஒரே வலைப் பின்னலோடு தொடர்பு கொண்டிருந்தன. அந்தப் பின்னலின் நடுவிடம் எது? இடது முன் மூளை!

ராபின்சன் சொன்னது முழுவதும் சரி இல்லை. முழுவதும் தவறும் இல்லை போலிருக்கிறது.

இது சுவையான ஆராய்ச்சிதான். நடக்கட்டும். ஆனால் வீட்டில் படுத்திருப்பவருக்கு இதற்காகக் காத்திருக்க நேரம் இல்லை. "உங்கள் அப்பாவுக்கு அடி பட்டது வலது மூளையில், மனச்சோர்வு வராது" என்று எந்த டாக்டரும் இன்று உறுதி சொல்ல முடியாது. "இடது மூளை, கட்டாயம் வரும்" என்றும் சொல்ல முடியாது. வாதம் எந்தப் பக்கம் வந்தாலும் மனத்தையும் சோதித்துப் பார்க்கவேண்டும். அடுத்த முறை காட்டப் போகும்போதும் பார்க்கவேண்டும். முதல் மாதம் நன்றாக இருந்தவர் ஆறாம் மாதம் சோரலாம்.

இரத்தக் கொதிப்பு பார்க்காமல் வாத நோயாளியை எந்த ஆஸ்பத்திரியும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மனத்தைப் பார்க்காமல் மட்டும் அனுப்பலாமா?

அழுகை எல்லாம் துக்கம் அல்ல

வீட்டார் ஏமாந்துபோகும் இடங்கள் சில உண்டு.

வாதம் வந்த சிலர் காரணம் இல்லாமல் அழுவார்கள். பழைய நண்பரைக் கண்டதும் பொலபொலவென்று கண்ணீர் வரும். அடுத்த நிமிடம் நின்றுவிடும். சிலர் இழவு வீட்டில் சிரித்துவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குத் திகைப்பு. இது மனச்சோர்வு அல்ல. அழுகையையும் சிரிப்பையும் அடக்கும் கடிவாளம் மூளையில் அறுந்துவிட்டது. அவ்வளவுதான். இதற்குத் தனி மருந்து உண்டு.

வேறு சிலருக்குத் துக்கமும் இருக்காது, மகிழ்ச்சியும் இருக்காது. எதிலும் நாட்டம் இல்லாமல் கல் போல உட்கார்ந்திருப்பார்கள். "சோம்பல்" என்று வீட்டில் திட்டுவார்கள். இதுவும் சோம்பல் அல்ல. மூளையில் பட்ட அடியின் விளைவு. மனச்சோர்வோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும்.

வலது மூளையில் அடி பட்டவர்களிடம் இன்னும் விசித்திரம் காணலாம். சிலருடைய குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்பதைக்கூட "இன்று செவ்வாய்க்கிழமை" என்பது போலச் சொல்வார்கள். கேட்பவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

சிலர் இடது கை விழுந்து கிடக்கும்போதே, "என் கை நன்றாக இருக்கிறதே!" என்பார்கள். பொய் அல்ல. அவர்கள் மூளை அப்படித்தான் நம்புகிறது. இத்தகைய நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவுக்குப் போன டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன். இப்படிப்பட்டவர்களிடம் "உங்களுக்கு மனக்குறை உண்டா?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். பதிலை மட்டும் நம்பினால் போதாது.

அப்படியானால் யாரைக் கேட்பது?

கூடவே இருப்பவர்களைக் கேட்கவேண்டும்.

பேச முடியாத நோயாளிகளுக்காகவே ஒரு கேள்வித்தாள் உண்டு. 1998-ம் ஆண்டு பிரிட்டனில் அதைத் தயாரித்தார்கள். நோயாளி அதற்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. அருகில் இருந்து பார்ப்பவர் சொன்னால் போதும். அழுகிறாரா? தூக்கம் கெடுகிறதா? ஆட்களைக் கண்டு ஒதுங்குகிறாரா? இப்படிப்பட்ட கேள்விகள்தான். எழுதப் படிக்கத் தெரியாத மனைவியும் பதில் சொல்லிவிடலாம். அவருக்குத் தெரிந்த அளவு, படம் எடுக்கும் மெஷினுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மனிதர்களிடத்திலும் பிடிப்பு இல்லாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். "செத்துப்போனால் தேவலை" என்று ஒரு தரம் சொன்னாலும், சைகை காட்டினாலும், இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது. அன்றே சொல்லவேண்டும். அவரைத் தனியாக விடவும் கூடாது.

மருந்துக் கடையில் வாங்கலாமா?

மனச்சோர்வுக்கு நல்ல மாத்திரைகள் உண்டு. உட்கார வைத்துப் பேசித் தேற்றும் சிகிச்சையும் உண்டு. வாதம் வந்தவர்களுக்கும் இவற்றால் குணம் தெரிகிறது.

அப்படியானால் வாதம் வந்த எல்லாருக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? இதையும் சோதித்தார்கள். பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2018-ம் ஆண்டு வெளிவந்தது. புளூவாக்சிட்டின் என்ற மாத்திரையை ஆறு மாதம் கொடுத்தார்கள். மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது. ஆனால் கை கால் செயல்பாடு கூடவில்லை. எலும்பு முறிவோ அதிகம் ஆயிற்று!

ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுப்பது ஆபத்து. வேண்டியவருக்கு, வேண்டிய அளவு, டாக்டர் பார்த்துக் கொடுக்கவேண்டும். தொடங்கிய மாத்திரையை இரண்டு நாளில் "குணம் தெரியவில்லை" என்று நிறுத்தவும் கூடாது. சில வாரம் சென்றுதான் வேலை செய்யும்.

மனைவியின் தோள்

கடைசியாக ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் வாடினால் குடும்பத்தைக் குற்றம் சொல்வது ஊரின் பழக்கம். "சரியாகக் கவனிக்கவில்லை" என்பார்கள்.

குடும்பத்தார் கவனித்தாலே எல்லாம் சரியாகிவிடுமா? இந்தியாவிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 வாத நோயாளிகள். பாதிப் பேருடைய குடும்பத்தாருக்கு, வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். 2017-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கற்றுக்கொண்ட வீட்டுக்கும் கற்காத வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

மனைவியும் மகளும் பாடுபடவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. டாக்டரும் நர்சும் பயிற்சி கொடுப்பவரும் செய்யவேண்டிய வேலையை அவர்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது என்று அர்த்தம். காலையில் மீன் விற்று, மத்தியானம் சமைத்து, இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் பெண்ணுக்கும் ஒரு உடம்புதான் இருக்கிறது. அவளுக்கும் மனம் சோரும். அவளையும் யாராவது கேட்கவேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கவும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கவும் ஏற்பட்ட திட்டம் அது. நல்ல ஏற்பாடு. அப்படி வீட்டுக்கு வருகிறவர் கை காலைப் பிடித்துப் பார்க்கும்போது, இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் என்ன? "ராத்திரி தூங்கினாரா? யாரோடாவது முகம் கொடுத்துப் பேசினாரா?" இதற்கு மெஷின் வேண்டாம், பணம் வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். சந்தேகம் இருந்தால் டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாம்.

ஊரில் மனநோய் டாக்டர் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஏற்படுத்திய "டெலி மானஸ்" என்ற டெலிபோன் உதவியின் எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேசவேண்டும் என்பதும் இல்லை. அவருக்குப் பேச்சு வராவிட்டால், அவர் பக்கத்தில் இருக்கும் மனைவி பேசலாம். தனக்காகவும் பேசலாம்.